பயணி குறைந்தால் ஓடுபாதையை யார் காப்பது?

போதுமான பயணிகள் இல்லாத பாதையை யார் செலவில் நடத்துவது என்ற கேள்வி விமானத்துக்கு முன்பே பிறந்தது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதை திறக்கப்பட்டது. அதைப் போட்ட மெட்ராஸ் ரயில்வே கம்பெனி தன் முதலை மட்டும் நம்பி இறங்கவில்லை. முதலுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு வட்டியை அரசு உத்தரவாதமாகக் கொடுத்தது. நிலத்தையும் விலையில்லாமல் கொடுத்தது. வண்டியில் ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் பங்குதாரருக்கு வட்டி போய்ச் சேரும். துண்டு விழுந்ததை இந்திய வரிப்பணம் ஈடுகட்டும். தாதாபாய் நௌரோஜியும் ரமேஷ் சந்திர தத்தும் இந்த ஏற்பாட்டைக் கடுமையாகச் சாடினார்கள். லாபத்துக்கு உத்தரவாதம் இருக்கும்போது சிக்கனமாகச் செலவிட யாருக்கும் அக்கறை இருக்காது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். உத்தரவாதம் இல்லாவிட்டால் பாதையே வந்திருக்காது என்று மறுதரப்பு சொன்னது.

இந்த இரு குரல்களும் இன்று சிறு நகர விமான நிலையங்களைச் சுற்றி ஏறக்குறைய அதே சொற்களில் ஒலிக்கின்றன. அரசு நிலம் கொடுக்கிறது, வரியைக் குறைக்கிறது, இழப்பை ஈடுகட்டுகிறது. பயணம் சுருங்கும் காலத்தில் இந்த ஆதரவைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா? ஆதரவு யாருக்குப் போக வேண்டும்? விமான நிறுவனத்துக்கா, நிலையத்துக்கா, பயணிக்கா? தமிழ்நாட்டு அனுபவத்தை, குறிப்பாகச் சேலத்தை, மையமாக வைத்து இதற்கு வந்த விடைகளை இங்கே பார்க்கலாம்.

தற்காலிகச் சரிவும் நிலையான குறைவும்

சரிவு என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு நிலைமைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் பயணம் விழுவது. 2020 மார்ச் 25 முதல் மே 25 வரை இந்தியாவில் உள்நாட்டுப் பயணிகள் விமானம் பறக்கவே இல்லை. 2019-இல் சுமார் 14.4 கோடியாக இருந்த உள்நாட்டு விமானப் பயணம் 2020-இல் சுமார் 6.3 கோடியாகச் சுருங்கியது. இத்தகைய சரிவு கடந்து போகும். அதுவரை நிலையத்தை உயிரோடு வைத்திருந்தால் போதும்.

மற்றொன்று, நாடு முழுக்கப் பயணம் பெருகும்போதும் ஓர் ஊரில் விமானம் நிலைக்காமல் போவது. அதற்கு உள்ளூர் வருமானம், ரயிலும் சாலையும் தரும் போட்டி, ஓடுபாதையின் நீளம், விமான நிறுவனத்தின் நிதிநிலை எனப் பல காரணங்கள் இருக்கலாம். முதல் நோய்க்கான மருந்தை இரண்டாவதற்குக் கொடுத்தால் காசு கரையும், குணம் தெரியாது.

கொரோனா காலத்தில் அமெரிக்கா இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. 2020 மார்ச்சில் நிறைவேறிய நிவாரணச் சட்டம் விமான நிலையங்களுக்குச் சுமார் 1,000 கோடி டாலரை ஒதுக்கியது. பங்கிட்ட சூத்திரத்தின் விளைவாக மிகச் சிறிய நிலையங்கள் சிலவற்றுக்குப் பல ஆண்டுச் செலவை மிஞ்சும் தொகை போனது. ஆஸ்திரேலியா மாவட்ட நகரங்களுக்கான குறைந்தபட்ச சேவை அறுந்துபோகாதபடி வழித்தடங்களுக்கு உதவியது. இந்தியா பெரும்பாலும் கடன் உத்தரவாதத்தோடு நின்றுகொண்டது. மூன்றில் எது சிறந்தது என்று ஒரே தராசில் நிறுப்பது கடினம். மூன்று நாட்டின் நிலையங்களும் மூன்று விதமான உடைமையில் இருப்பவை.

சேலத்தின் முப்பது ஆண்டுகள்

ஓமலூர் அருகே காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் 1993-இல் திறக்கப்பட்டது. என்இபிசி விமானம் கொஞ்ச காலம் வந்தது, நின்றது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் சென்னைக்குப் பறக்கத் தொடங்கி, 2011-இல் நிறுத்தியது. மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ் 2018 மார்ச் 25-இல் ட்ரூஜெட் வந்தது. 2021-இல் அதுவும் நின்றது. மூன்றாவது மௌனம் 2023 அக்டோபர் வரை நீடித்தது. அந்த மாதம் 16-ஆம் தேதி அலையன்ஸ் ஏர் பெங்களூரு, கொச்சி வழித்தடத்தையும், மாத இறுதியில் இண்டிகோ சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் வழித்தடங்களையும் தொடங்கின.

இந்த வரலாற்றைச் சேலத்தில் பயணியே இல்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அந்த முடிவு அவசரமானது. சேலத்தை விட்டுப்போன மூன்று நிறுவனங்களும் பின்னர் தாமே இல்லாமல் போயின. என்இபிசி 1990-களின் இறுதிக்குள் மறைந்தது. கிங்ஃபிஷரின் உரிமம் 2012 அக்டோபரில் நிறுத்திவைக்கப்பட்டது. ட்ரூஜெட் 2022 தொடக்கத்தில் பறப்பதை நிறுத்தியது. ட்ரூஜெட் விஷயத்தில் மூன்றாண்டு மானியக் காலம் முடிந்ததும், பெருந்தொற்றும், நிறுவனத்தின் பணமுடையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. ஆனாலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. சேலம் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு நிறுவனத்தின் நலிந்த தோளில் ஏறி நின்றது. தோள் சாய்ந்ததும் ஊரும் விழுந்தது.

புதுச்சேரியின் கதையும் இதுவே. 2013 முதல் ஸ்பைஸ்ஜெட், அலையன்ஸ் ஏர், மீண்டும் ஸ்பைஸ்ஜெட் என வந்துபோனபின், 2024 மார்ச்சில் சேவை நின்று, அந்த ஆண்டு டிசம்பரில் இண்டிகோவோடு மீண்டும் தொடங்கியது. உடான் பட்டியலில் இடம்பெற்ற நெய்வேலியும் வேலூரும் பயணிகள் விமானத்துக்காக நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. இன்று பல சிறு நகரங்கள் இண்டிகோ ஒன்றையே நம்பியிருக்கின்றன. அந்த நிறுவனம் முந்தையவற்றைவிட வலிமையானது என்பது உண்மை. ஆனால் 2025 டிசம்பர் தொடக்கத்தில் விமானிகளின் பணிநேர விதிகளுக்கு உரிய ஆயத்தமின்றி அது ஆயிரக்கணக்கான சேவைகளை ரத்து செய்தபோது, வலிமையான ஒற்றைத் தோளும் சாயக்கூடியதே என்பது நாட்டுக்கே தெரிந்தது.

பெரியது சிறியதைத் தாங்கும் ஏற்பாடு

சிறு ஊர் விமானத்தை யார் செலவில் நடத்துவது என்ற கேள்விக்கு இந்தியா கொடுத்த பழைய விடை குறுக்கு மானியம். 1981-இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து வாயுதூத் நிறுவனத்தைத் தொடங்கின. பெரிய சகோதரர்களின் வருவாயில் சிறு ஊர்களுக்குப் பறப்பது அதன் வேலை. 1993-இல் அது இந்தியன் ஏர்லைன்ஸோடு கரைந்தது. மறு ஆண்டே வழித்தடப் பகிர்வு விதிகள் வந்தன. டெல்லி, மும்பை, சென்னை போன்ற முதன்மைத் தடங்களில் பறக்கும் நிறுவனம் தன் கொள்ளளவில் குறிப்பிட்ட பங்கை வடகிழக்கு, அந்தமான், லட்சத்தீவு போன்ற பகுதிகளுக்கும் பிற சிறு தடங்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது விதி. நிலையங்கள் பக்கத்தில், இந்திய விமான நிலைய ஆணையம் பெரிய நிலையங்களின் உபரியால் சிறியவற்றை நடத்தியது. நார்வேயில் அவினோர் நிறுவனம் இன்றும் ஆஸ்லோவின் வருவாயைக் கொண்டு வடகோடிச் சிறு நிலையங்களைத் தாங்குகிறது.

இதன் பலம் ஒற்றுமையில் இருக்கிறது; பலவீனமும் அதே இடத்தில்தான். ஆணையத்திடமிருந்து டெல்லி, மும்பை தனியாரிடம் போயின. 2019-இல் அகமதாபாத், திருவனந்தபுரம், மங்களூரு உள்ளிட்ட ஆறு நிலையங்கள் ஏலம் போயின. 2021-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பணமாக்கல் திட்டத்தில் சென்னை, திருச்சி, கோவை, மதுரை நான்கும் இடம்பெற்றன. காய்க்கிற மரங்களைக் கொடுத்துவிட்டுத் தோப்பைப் பராமரிப்பது எப்படி என்ற கவலை நியாயமானது. அதே ஆண்டு விமான நிலையக் கட்டண ஒழுங்காற்றுச் சட்டத்தைத் திருத்தி, லாபமுள்ளதையும் லாபமற்றதையும் ஒரு தொகுப்பாகக் கொடுக்க வழி செய்யப்பட்டது. தொகுப்பை எடுப்பவர் சிறியதைப் பெயரளவில் பராமரித்துவிட்டுப் பெரியதில் மட்டும் கவனம் செலுத்தாதபடி ஒப்பந்தம் எழுத முடியுமா என்பது இனிமேல்தான் தெரியும்.

வழித்தடத்துக்கு மானியம்

2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2017 ஏப்ரல் 27-இல் சிம்லாவிலிருந்து முதல் விமானத்தோடு தொடங்கிய உடான் வேறொரு விடை. நிறுவனம் ஏலத்தில் தடத்தைப் பெறும். பாதி இருக்கைகளை வரம்பிட்ட கட்டணத்தில் விற்க வேண்டும். ஒரு மணி நேரப் பறப்புக்குத் தொடக்கத்தில் 2,500 ரூபாய். இழப்பை மூன்று ஆண்டுகளுக்கு இடைவெளி நிதி ஈடுகட்டும். முதன்மைத் தடங்களில் புறப்படும் விமானங்கள்மீது விதிக்கும் தீர்வை அந்த நிதிக்கு ஊற்று. பெரும்பாலான மாநிலங்கள் இடைவெளி நிதியில் 20 விழுக்காட்டைத் தர வேண்டும். காவல், தீயணைப்பு ஆகியவற்றை மாநிலமே இலவசமாகத் தர வேண்டும். எரிபொருள்மீதான வாட் வரியை 1 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டும்.

கடைசி நிபந்தனையின் எடையை வடசென்னையிலிருந்து பார்த்தால் நன்றாகப் புரியும். மணலி சுத்திகரிப்பு ஆலை விமான எரிபொருளையும் வடிக்கிறது. விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் மாநிலம் வாட் விதிக்கலாம். தமிழ்நாட்டில் வழக்கமான விகிதம் 29 விழுக்காடு. இந்தியாவில் விமானச் செலவின் மிகப் பெரிய ஒற்றை இனம் எரிபொருள்தான். அதே எரிபொருளுக்குச் சென்னை விமான நிலையமான மீனம்பாக்கத்தில் 29, சேலத்தில் 1. கண்ணுக்குத் தெரியும் மானியத்தைவிடக் கண்ணில் படாத இந்த வரிச்சலுகை நிறுவனங்களுக்குப் பெரிய ஈர்ப்பாக இருக்கக்கூடும். ஆனால் அது பட்ஜெட்டில் செலவாகத் தலைகாட்டாததால் விவாதத்துக்கும் வருவதில்லை.

உடான் எவ்வளவு சாதித்தது? 2025 மத்திய பட்ஜெட் உரை 88 நிலையங்கள், 619 வழித்தடங்கள், 1.5 கோடிப் பயணிகள் என்று கணக்குச் சொன்னது. அடுத்த பத்தாண்டில் 120 புதிய இடங்கள் என்றும் அறிவித்தது. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை வேறு சித்திரத்தைத் தருகிறது. மூன்றாம் சுற்று வரை ஒதுக்கப்பட்ட 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் 112 மட்டுமே மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை முடித்தன. மானியம் முடிந்த பின்னும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை 54.

இரு கணக்கும் உண்மையானவை. அளப்பது வேறு வேறு பொருளை. பறந்தவர்களை எண்ணினால் திட்டம் வெற்றி. மானியத்துக்குப் பின் தன் காலில் நிற்பதை எண்ணினால் பெரும்பாலும் தோல்வி. என் பார்வையில் தணிக்கையின் அளவுகோல் திட்டத்தின் சொந்த வாக்குறுதிக்கு நெருக்கமானது. மூன்றாண்டில் சந்தை பழுக்கும் என்பதே உடானின் அடிப்படை நம்பிக்கை. அமெரிக்காவும் இதையே நம்பியது. 1978-இல் விமானத்துறைக் கட்டுப்பாடுகளை நீக்கியபோது சிறு ஊர்களுக்கான அத்தியாவசிய விமான சேவை மானியத்தைப் பத்தாண்டுக்கு என்று கொண்டுவந்தார்கள், நீட்டித்தார்கள், பிறகு நிரந்தரமாக்கினார்கள். தற்காலிகம் என்று பெயரிட்ட மானியத்தை நிறுத்த எந்தத் தொகுதி உறுப்பினரும் முன்வருவதில்லை. எந்தத் தேவைக்கு எவ்வளவு காலம் என்பதை முன்கூட்டியே நேர்மையாகச் சொல்வது இதைவிட மேல்.

உடானின் இன்னொரு பலவீனம், தடத்தைப் பெற்றவருக்கு மூன்றாண்டு தனியுரிமை. நலிந்த நிறுவனம் தடத்தை வைத்துக்கொண்டு பறக்காமல் இருந்தால் ஊர் காத்திருக்க வேண்டியதுதான். நெய்வேலி முதல் சுற்றிலேயே ஒதுக்கப்பட்டும் விமானத்தைக் காணவில்லை.

சந்தையிடம் விடச் சொல்வோர்

லாபமில்லாத நிலையம் மூடட்டும் என்ற கட்சிக்கு ஐரோப்பாவில் ஆழமான வேர் உண்டு. பெல்ஜியத்தின் சார்லெரூவா நிலையம் ரையன்ஏருக்குக் கொடுத்த சலுகைகளை 2004-இல் ஐரோப்பிய ஆணையம் சட்டவிரோத அரசு உதவி என்றது. 2008-இல் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 2014-இல் வந்த வழிகாட்டு நெறிகள் சிறு நிலையங்களின் நடைமுறைச் செலவுக்குப் பத்தாண்டு மட்டும் உதவலாம் என்றன. பெருந்தொற்றுக்குப் பின் அந்தக் கெடுவும் நீட்டிக்கப்பட்டது. பிரிட்டனில் 2020 மார்ச்சில் ஃப்ளைபீ திவாலானபோது அரசு காப்பாற்றவில்லை. அதை நம்பியிருந்த நிலையங்கள் ஒரே இரவில் பெரும்பாலான தடங்களை இழந்தன. சிலவற்றைப் பிற நிறுவனங்கள் பின்னர் எடுத்துக்கொண்டன.

தேவையற்ற கட்டுமானத்தைத் தடுப்பது இந்தக் கட்சியின் பலம். இலங்கையில் 2013-இல் பெரும் கடனில் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையம் 2018-க்குள் வழக்கமான சர்வதேச சேவையை ஏறக்குறைய முற்றாக இழந்தது. ஊரின் தேவையை முதலில் கேட்டிருந்தால் நாடு அந்தக் கடனைத் தவிர்த்திருக்கும். ஆனால் இந்தக் கட்சி தற்காலிகச் சரிவுக்குப் பதில் வைத்திருக்கவில்லை. ஓடுபாதை ஒருமுறை கைவிடப்பட்டால் உரிமமும் பயிற்சி பெற்ற தீயணைப்பு ஊழியர்களும் சில மாதங்களில் திரும்பி வந்துவிட மாட்டார்கள்.

பேசின் பிரிட்ஜைக் கடக்கும் ரயில்

சென்னை சென்ட்ரலில் இருந்து புறப்படும் எந்த ரயிலும் சில நிமிடங்களில் பேசின் பிரிட்ஜைத் தாண்டும். அவற்றில் பலவற்றைக் கழுவி, சோதித்து, பழுது நீக்கி அனுப்புவதும் அங்குள்ள பணிமனைதான். சேலம் விமானத்தின் முதன்மைப் போட்டியாளரும் இந்தப் பாதையில்தான் போகிறது. 2023 ஏப்ரல் 8-இல் தொடங்கிய சென்னை–கோவை வந்தே பாரத், சேலத்தைச் சுமார் மூன்றரை மணி நேரத்தில் தொடுகிறது. விமானத்துக்கு ஒரு மணி நேரம். ஆனால் திருவொற்றியூர்க்காரர் ஒருவர் மெட்ரோவில் நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி மீனம்பாக்கம் வரை போய், ஒரு மணி நேரம் முன்னதாக வரிசையில் நின்று, காமலாபுரத்தில் இறங்கி, மீண்டும் சேலம் நகருக்குள் வர வேண்டும். மிச்சமாகும் நேரம் சொற்பம்.

ரயில் இருக்கும்போது குறுந்தூர விமானத்துக்கு வரிப்பணம் எதற்கு என்ற வாதம் இதிலிருந்து எழுகிறது. காலநிலைக் கவலை அதற்கு வலுச்சேர்க்கிறது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய சில தடங்களில் விமானத்தை பிரான்ஸ் 2023-இல் தடை செய்தது. இந்த வாதம் சரியானதே, ஆனால் முழுமையானதல்ல. சேலத்திலிருந்து ஹைதராபாத் போவோருக்கும், சென்னையில் விமானம் மாறி வெளிநாடு போவோருக்கும் கணக்கு வேறு. மாற்றுவழி எவ்வளவு மோசம் என்பதைப் பொறுத்து விமானத்தின் சமூகப் பயன் மாறுகிறது.

யாழ்ப்பாணம் இதற்கு நல்ல சான்று. 2019 அக்டோபரில் அங்குள்ள பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைக்கு அலையன்ஸ் ஏர் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் நின்றது. 2022 டிசம்பர் வரை ஓடுபாதை காத்திருந்தது. மீண்டும் தொடங்கிய பின் 2024-இல் இண்டிகோவும் சென்னையிலிருந்து சேர்ந்தது, 2025-இல் திருச்சியும் இணைந்தது. இலங்கையின் வடக்கில் இருப்பவர் வேறு விமானத்தில் சென்னைக்கு வர வேண்டுமென்றால் மாற்றுவழி தெற்கே கட்டுநாயக்க விமான நிலையம் வரை நெடுந்தூரம் தரைவழியே போவது. அதனால் சரிவுக்குப் பின் பயணம் மீண்டது. மானியத்தை முடிவு செய்யும்போது நகரத்தின் மக்கள்தொகையை விட, மாற்றுவழியில் ஆகும் மணிக்கணக்கை முதலில் கேட்க வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

தயார்நிலைக்குத் தனி விலை

நான்காவது நிலைப்பாடு இன்னும் முழு உருவம் பெறவில்லை. ஆனால் எனக்கு மிக நம்பிக்கை தருவது அதுவே. விமான நிலையத்துக்கு இரண்டு வேலைகள்: பயணியை ஏற்றுவது ஒன்று, அவசரத்துக்குத் தயாராக இருப்பது மற்றொன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் பல நாள் மூடிக்கிடந்தபோது அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் பறந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மீண்டும் மீனம்பாக்கத்தை மூடியது. மாற்று ஓடுபாதைக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பு எந்தப் பயணச்சீட்டிலும் வசூலாவதில்லை.

மின்துறை இந்தச் சிக்கலுக்கு எப்போதோ தீர்வு கண்டது. பேசின் பிரிட்ஜில் 1996-இல் அமைந்த 120 மெகாவாட் எரிவாயுச் சுழலி நிலையத்தின் எரிபொருள் விலை அதிகம். ஆகவே தேவைப்படும் வேளையில் மட்டும் அதை ஓட்டுவார்கள். மின்கட்டண ஒழுங்குமுறை நிலையத்தைத் தயாராக வைத்திருக்கும் நிலைச்செலவையும், உற்பத்தியாகும் யூனிட்டின் மாறும் செலவையும் தனித்தனியே கணக்கிடுகிறது. விமான நிலையத்துக்கும் அதையே செய்யலாம். ஓடுபாதை, தீயணைப்பு, வழிகாட்டுக் கருவிகள், குறைந்தபட்சக் காவல் ஆகியவற்றுக்குப் பயணிகள் எண்ணிக்கையோடு தொடர்பில்லாத நிலைக்கட்டணம். பறக்கும் தடத்துக்கான உதவி அதிலிருந்து வேறாக, மாற்றுவழியின் தரத்தைப் பார்த்து. நிறுவனம் போனாலும் நிலையம் நிற்கும்; அடுத்த நிறுவனம் வரும்போது பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பொதுச் சரிவில் நிலைக்கட்டணமே போதிய கவசம்.

இதற்கும் ஓட்டைகள் உண்டு. அரக்கோணம் கடற்படையின் தேவைக்காக இருக்கும் தளம். உபரி ஓடுபாதை பயன்படும் என்பதற்கு அது சான்றே தவிர, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பயணிகள் நிலையம் வேண்டும் என்பதற்கு அல்ல. அவசரத் தேவை என்ற பெயரில் எந்தக் கட்டுமானத்தையும் நியாயப்படுத்திவிடலாம். வெள்ளத்தில் சென்னைக்கு உதவ எத்தனை மாற்று நிலையங்கள் வேண்டும், எவ்வளவு தொலைவில் வேண்டும் என்று வரையறுத்துவிட்டுத்தான் நிலைக்கட்டணத்தைப் பேச வேண்டும்.

தீராத கேள்விகள்

நிலம் முதற்கேள்வி. சேலத்தின் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். ஏடிஆர் போன்ற சிறு விமானங்களுக்குத்தான் போதும். நீட்டிக்க நிலமெடுக்கும் திட்டத்தை 2018-இல் காமலாபுரம் வட்டார விவசாயிகள் எதிர்த்தார்கள். தூத்துக்குடியில் நீட்டித்த ஓடுபாதையும் புதிய முனையமும் 2025 ஜூலை 26-இல் திறக்கப்பட்டன. பெரிய விமானம் வந்தால் இருக்கைக்கான செலவு குறைந்து மானியத் தேவை தணியும் என்ற எதிர்பார்ப்பை அங்கே இனிதான் சோதிக்க முடியும். அது பலித்தாலும், நிலத்தை இழப்பவரின் இழப்பு இதுவரை வந்த எந்த மானியக் கணக்கிலும் ஒரு வரியாகச் சேர்க்கப்பட்டதில்லை. சேர்த்தால் சில திட்டங்களின் முடிவே மாறக்கூடும்.

யார் தருவது என்பது இரண்டாவது. இன்றைய தீர்வை டெல்லிக்கும் மும்பைக்கும் பறப்பவரின் சீட்டில் விழுகிறது. அது ஓரளவு நியாயமான இடம். வாட் சலுகையையும் காவல் செலவையும் மாநிலக் கருவூலம் தாங்குகிறது. விமானத்தில் ஒருமுறையும் ஏறாத எண்ணூர் மீனவரின் வரியும் அதில் அடக்கம். நிலைக்கட்டணம் வந்தால் அது தீர்வையிலிருந்து வர வேண்டுமா, பேரிடர் நிதியிலிருந்தா, பயன்பெறும் மாவட்டத்தின் தொழில் அமைப்புகளும் பங்கேற்க வேண்டுமா என்பதில் இன்னும் தெளிவான முன்மொழிவு இல்லை.

கால அளவு மூன்றாவது. சேலத்தில் இப்போதைய சேவை தொடங்கி 2026 அக்டோபரில் மூன்றாண்டு நிறைகிறது. மானியம் விலகிய பின் சென்னைத் தடம் நின்று ஹைதராபாத் தடம் நிலைக்குமா, இரண்டுமே நிலைக்குமா என்பது மேலே சொன்ன மாற்றுவழி வாதத்துக்கு நேரடிச் சோதனை. கட்டணம், நிரம்பிய இருக்கைகள், கிடைத்த வரிச்சலுகை மூன்றும் தடவாரியாக வெளியிடப்பட்டால் அந்தச் சோதனையின் விடையை யாரும் படித்துக்கொள்ள முடியும்.